கரடி கேட்ட மன்னிப்பு

"உங்க கரடி என்னைப் பார்த்துச் சிரிச்சது. சிரிக்காம மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா உள்ளே இருக்கிறவனுக்கு வேலை கிடையாது!"

மில் முதலாளி வேதமூர்த்தி இதையே திரும்பத் திரும்பக் கத்தினார். ஏற்காடு ரிசார்ட்டின் புல்வெளியில், மியூசிக்கல் சேர் ஆட்டத்தில் ஒரு யூகேஜி குழந்தையிடம் நாற்காலியைப் பறிகொடுத்து விழுந்த கோபம், வேறென்ன.

கரடி வேஷத்துக்குள் இருந்தவன் சகாயம். அந்தத் துணித்தலையில் சிரிப்பைத் தைத்தே வைத்திருக்கிறார்கள், அவன் என்ன செய்வான்? பிள்ளைகள் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது, பேசவும் கூடாது. வேஷக்காரர்களுக்கு அதுதான் சட்டம். மேனேஜரோ, "சார் சொல்றபடி செய், இல்லேன்னா அவனை அனுப்பிடு" என்று விளையாட்டுப் பிரிவு சூப்பர்வைசர் பெல்சியாவிடம் சொல்லிவிட்டுக் கைகட்டி நின்றார்.

"சிரிப்பு தெரியக் கூடாது, அவ்வளவுதானே சார்?" என்றாள் பெல்சியா. "கரடியாரே, ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு, சார்கிட்ட நல்லாக் குனிஞ்சு மன்னிப்புக் கேளுங்க."

கரடி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது. சிரிப்பை அடக்க முடியாதவன் வேறு எப்படி இருப்பான்? பிள்ளைகள் கெக்கலித்தார்கள். வேதமூர்த்தியின் மனைவிகூடப் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தச் சத்தத்தில் வேதமூர்த்தி கெஞ்சினார்: "போதும்மா, அதைக் கையை எடுக்கச் சொல்லுங்க. சிரிச்சாலும் பரவாயில்லை."