பெட்டிக்குள் திருத்திய முள்ளம்பன்றி

ஆலமரப் பொந்தில் காட்டின் சர்வர் ஓடியது. அதன் வாசலில் ஒரு புரோக்சி. விலங்குகள் எதைக் கேட்டாலும் அது வாங்கி, உரிய வளைக்கு அனுப்பி, பதிலைக் கொண்டுவந்து கொடுக்கும். அந்தப் புரோக்சி இருந்த பெட்டிக்குக் கன்டெய்னர் என்று பெயர். பெட்டியை வார்க்கும் அச்சுக்கு இமேஜ் என்று பெயர். பெட்டி சற்று மந்தமானாலும், பெட்டிகளுக்குப் பொறுப்பான யானை பொறுக்காது. தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை வார்த்துவிடும்.

புரோக்சியைப் பார்த்துக்கொண்டது செங்கோடன் என்ற முள்ளம்பன்றி.

ஒருநாள் வைத்தியர் கீரி வடக்கு வளையைக் காலிசெய்து தெற்கு வளைக்குக் குடிபோனது. காலியான வளையில் மலைப்பாம்பு புகுந்துகொண்டது. செங்கோடன் பெட்டிக்குள் தலையை நுழைத்து, "வைத்தியம் என்றால் தெற்கு வளை" என்று எழுதிவைத்தது.

மறுநாள் ஆமை இருமலுக்கு வைத்தியரை அழைத்தது. மலைப்பாம்பு வந்து நின்றது! ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கித் தப்பித்தது.

செங்கோடன் ஓடிப்போய்ப் பார்த்தது. பெட்டிக்குள் பழையபடி வடக்கு வளை!

"நான் திருத்தினேனா, திருத்தியதாகக் கனவு கண்டேனா?"

மறுபடி எழுதியது. அடையாளத்துக்குத் தன் முள் ஒன்றையும் பிடுங்கிக் குத்திவைத்தது. மறுநாள் எழுத்தும் இல்லை, முள்ளும் இல்லை.

"எனக்கு முள்ளே இருந்ததில்லையோ?" என்று கலங்கியது செங்கோடன்.

அப்போது முயல் மங்கையின் அழைப்பு வந்தது: "பிள்ளைக்குக் காய்ச்சல், சீக்கிரம் வாங்க!"

புரோக்சி வழியே பதில் போயிற்று: "இதோ வருகிறேன். பிள்ளைக்குப் போர்வை வேண்டாம், தொண்டையில் சிக்கும்."

அதைப் படித்ததும் செங்கோடன் விழுந்தடித்து ஓடியது. முயல் வளையின் வாசலை அடைத்துக்கொண்டு முட்களைச் சிலிர்த்து நின்றது.

"தள்ளிக்கோப்பா! கூப்பிட்டதால்தானே வந்தேன்!" என்று சலித்துக்கொண்டது மலைப்பாம்பு.

"இனி உன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள்! போனதும் திருத்திவிடுவேன்!"

"பெட்டிக்குள்தானே? திருத்து, திருத்து! யானை அதையும் எறியும். அச்சில் என் வளை இருக்கிறவரை எனக்கேது பட்டினி!"

செங்கோடனுக்குச் சுரீரென்றது. தன்னைச் சந்தேகித்த நேரத்தில் யானையை ஒரு தடவையாவது சந்தேகித்திருக்கலாம்!

முள்ளை விழுங்கத் துணியாமல் பாம்பு திரும்பிப் போயிற்று. செங்கோடன் கீரியைக் கையோடு அழைத்துவந்து பிள்ளையைக் காட்டியது. பிறகு நேரே போய் அச்சையே எடுத்து, வடக்கைச் சுரண்டிவிட்டுத் தெற்கைச் செதுக்கியது.

அன்று யானை நான்கு பெட்டிகளை எறிந்தது. நான்கு தடவையும் கூப்பிட்டவர்களிடம் கீரிதான் போனது. இரண்டு வாரப் பட்டினியில் வயிறு வலித்து மலைப்பாம்பு வைத்தியரை அழைத்தபோதும், பல்லைக் காட்டிக்கொண்டு கீரிதான் வந்து நின்றது!

அச்சில் உள்ள பிழையை வார்ப்பில் திருத்துகிறவன், கடைசியில் தன் புத்தியையே சந்தேகிப்பான்.