நின்றுபோன பேனா

என் மீசை மேல் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றால் மீசை உதிர்ந்து விழட்டும். போன வாரம்தான் அதை மழித்தேன் என்பது வேறு விஷயம்.

ஓர் ஊரில் ஓர் இருதய டாக்டர் இருந்தார். தங்கமான மனுஷன். மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, சட்டைப் பையில் ஒரு பேனா. கண்ணாடி பார்த்துச் சொல்லும், பேனா எழுதும்.

ஒரு நாள் அரிசி ஆலை முதலாளி நெஞ்சு வலியென்று வந்தார். அவருடைய ஈ.சி.ஜி. தாளைப் பார்த்த கண்ணாடி, "கம்பி விட்டுப் பார்க்கணும், ஆஞ்சியோ எழுது" என்றது. பேனா எழுதியது.

அடுத்து வந்தவர் மாசி. இருளர், பாம்பு பிடிக்கிறவர். அவருக்கும் நெஞ்சு வலிதான். கண்ணாடி தாளைப் பார்க்கவில்லை. பரட்டைத் தலையையும் வெறுங்காலையும் பார்த்தது. "மாத்திரை எழுது."

"என்னையும் கொஞ்சம் பாரேன்," என்றது மாசியின் தாள். "முதலாளி தாளில் இருந்த அதே கோணல் என்கிட்டயும் இருக்கு. மாத்திரையோட அனுப்பினா இவர் பொங்கலைப் பார்க்க மாட்டார்."

"உனக்கென்ன தெரியும்?" என்றது கண்ணாடி. " இவங்க காட்டு ஆளுங்க. கம்பி விடணும்னா பயந்து ஓடிடுவாங்க."

"அவர்கிட்ட கேட்டியா?"

"கேக்கணுமா? பார்த்தாலே தெரியுதே."

பேனாவுக்கு என்னவோ போலாகிவிட்டது. மையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. டாக்டர் உதறினார். கையருகே கிடந்த மாசியின் தாளில், ஓரமாகக் கிறுக்கிப் பார்த்தார். ம்ஹூம். கிறுக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் கோணல் இருந்தது. டாக்டரின் முகம் மாறியது.

"மாசி, மணிக்கட்டு வழியா மெல்லிசா ஒரு கம்பி விட்டு நெஞ்சுவரை பார்க்கணும். பயமா இருக்கா?"

மாசி சிரித்தார். "பாம்பு வளைக்குள்ள நான் கையை விட்டுப் பார்க்கிறேன். என் கைக்குள்ள நீங்க கம்பியை விட்டுப் பார்க்கக் கூடாதாங்கய்யா?"

பேனா மடமடவென்று எழுதியது.

பொங்கலுக்கு மறுநாள் மாசி நடந்தே வந்து கும்பிட்டார். டாக்டர் கூச்சத்தோடு, "நன்றியைப் பேனாவுக்குச் சொல்லுங்க," என்றார். மாசி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவர் போனபின் கண்ணாடி பேனாவிடம் மெல்லச் சொன்னது: "நீ புண்ணியவான். நீ நிக்கலைன்னா, பார்த்துக்கிட்டே ஒரு ஆளைக் கொன்னிருப்பேன்."

இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பேனா வேண்டுமென்றே நின்றது என்று தெரிந்தால் டாக்டர் வேறு பேனா வாங்கிவிடுவார். வாசலில் இன்னும் எத்தனையோ பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.