ஓடக்காரன் காதில் விழுந்த குரல்

ஆற்றுக்குப் பாலம் கட்ட மனிதர்கள் கற்றுக்கொள்ளாத காலம் அது, கேளுங்கள். அப்போது அகன்றதோர் ஆற்றின் துறையில் அந்துவன் என்றோர் ஓடக்காரன் இருந்தான்.

அந்துவன் கெட்டவன் அல்லன். ஆனால் முன்கோபி. ஏறுகிறவர் தாமதித்தால் கத்துவான். இறங்குகிறவர் தாமதித்தால் கத்துவான். யாருமே வராவிட்டால் ஆற்றைப் பார்த்துக் கத்துவான். ஒருநாள் வாய்த்தகராறில் ஒரு கிழவர்மேல் துடுப்பை ஓங்கிவிட்டான். அடிக்கவில்லை. என்றாலும் ஓங்கிய தன் கையைப் பார்த்து அவனே பயந்துபோனான்.

துறைக்கு மேலே ஒரு புத்த விகாரை இருந்தது. அங்கே போய் நாகசீலர் என்ற பிக்குவின் முன்னால் அமர்ந்தான். அவர் சொன்னது கொஞ்சம்தான்.

"மூச்சு வந்தால் மூச்சு என்று அறி. ஒலி கேட்டால் ஒலி என்று அறி. கோபம் எழுந்தால் கோபம் என்று அறி. உள்ளதை உள்ளபடி பார்."

அந்துவன் கரையில் நின்ற மருதமரத்தடியில் அமர்ந்து பழகினான். மெல்ல மெல்ல அவன் குரல் தணிந்தது. ஊர் வியந்தது. "இடி விழுந்தாலும் அந்துவன் அசைய மாட்டான்" என்றார்கள். நாகசீலரும் மற்றவர்களிடம், "அந்த ஓடக்காரனைப் பாருங்கள்" என்றார்.

அந்தப் பேச்சு அந்துவனுக்கு இனித்தது. அது இனிக்கிறது என்பதை மட்டும் அவன் பார்க்கவில்லை.

அதன்பின் அவன் தியானம் முடித்து எழும்வரை துறையில் ஆட்கள் காத்துநிற்கத் தொடங்கினார்கள். ஒருநாள் மீன்காரி ஒருத்தி கூடையோடு வெயிலில் நின்று, மீனெல்லாம் கெட்டுப்போய் அழுதாள். அந்துவன் கண்ணைத் திறந்து, "காத்திருப்பதும் ஒரு தவம்தான், அம்மா" என்றான்.

மழைக்காலம் வந்தது. ஆற்றில் செம்மண் வெள்ளம் ஏறியது. ஒரு பிற்பகலில் அந்துவன் மரத்தடியில் அமர்ந்திருந்தபோது, அக்கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஓடக்காரண்ணே!"

'ஒலி' என்று அறிந்தான் அந்துவன். அசையவில்லை.

"அண்ணே! எம் பொண்டாட்டிக்கு வலி எடுத்திருக்கு! புள்ள குறுக்கா நிக்குது! மருத்துவச்சியக் கூட்டிக்கிட்டு வாங்கண்ணே!"

எதிர்க்காற்றில் சொற்கள் சிதறின. 'வலி' என்ற சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. அந்துவனின் நெஞ்சுக்குள் சூடாக ஏதோ கிளம்பியது. வலி என்பதும் ஓர் ஒலிதான் என்று சொல்லிக்கொண்டு, மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டான்.

மூன்றாம் முறை வந்த குரலில் சொல்லே இல்லை. வெறும் அலறல்.

பிறகு அதுவும் நின்றது. 'ஒலி தோன்றியது, ஒலி மறைந்தது' என்று எண்ணினான் அந்துவன். தான் வென்றுவிட்டதாக அவனுக்குள் ஒரு மகிழ்ச்சி பொங்கியது. அந்த மகிழ்ச்சியோடு கண்ணைத் திறந்தான்.

நடு ஆற்றில் ஒரு மனிதத் தலை முங்கி முங்கி எழுந்தது.

எப்படி எழுந்தான், எப்படி ஓடத்தை அவிழ்த்தான் என்பது அவனுக்கே தெரியாது. சுழலுக்குள் போகவிருந்த அந்த மனிதனைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி ஓடத்தில் போட்டான். அக்கரையில் குடியிருக்கும் பூதன் அவன்; கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நீந்தியே கடக்கத் துணிந்திருந்தான். தண்ணீரைக் கக்கிவிட்டு அவன் சொன்ன முதல் சொல், "மருத்துவச்சி."

இருவரும் இக்கரைக்கு வந்து மருத்துவச்சியை ஏற்றிக்கொண்டு போனார்கள். பூதனின் மனைவி வெண்ணி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் முன்னால வந்திருந்தா..." என்று கையைக் கழுவியபடி மருத்துவச்சி ஆரம்பித்தாள்.

வாசலில் நின்ற அந்துவனின் காலில் பூதன் விழுந்தான். "என் உசுரக் காப்பாத்தினீங்க. எம் பொண்டாட்டியக் காப்பாத்தினீங்க. எதிர்க்காத்துண்ணே, எங்கொரல் உங்களுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தா வந்திருப்பீங்களே!"

அந்துவன் காலை உருவிக்கொண்டான். ஓடத்துக்கு நடந்துபோய்விட்டான்.

நேராக விகாரைக்குப் போனான். நடந்ததைச் சொன்னான். நாகசீலர் கேட்டார்: "இரண்டாவது முறை கூப்பிட்டபோது உன் நெஞ்சில் எழுந்தது என்ன?"

"எரிச்சல். என் தவத்தைக் கலைக்கிறானே என்று."

"அதைப் பார்த்தாயா?"

"இல்லை, ஐயா. அதைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் ஒலி, ஒலி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்."

நாகசீலர் தலை குனிந்தார். "உன்னை மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னவன் நான். எனக்கும் இதில் பங்கு உண்டு" என்றார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது மருதமரத்தடி அவனை இழுத்தது. உட்கார்ந்து 'வெட்கம், வெட்கம்' என்று அறிந்தால் இந்த வேதனையெல்லாம் அடங்கிவிடுமே என்று தோன்றியது. அப்போதுதான் அந்துவன் முதன்முதலாகத் தன்னைச் சரியாகப் பார்த்தான். 'தப்பித்து ஓடுவதற்குத்தானே இங்கே உட்கார வருகிறேன்!'

அவன் உட்காரவில்லை. ஓடத்தை அவிழ்த்தான்.

அக்கரை வீட்டில் வெண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பூதன் பக்கத்தில் இருந்தான். அந்துவன் நின்றபடியே, "எனக்குக் கேட்டது" என்றான்.

பூதனுக்குப் புரியவில்லை. வெண்ணிக்குப் புரிந்தது.

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும் கேட்டுச்சும்மா."

"கேட்டுக்கிட்டே இருந்தியா?"

"கேட்டுக்கிட்டே இருந்தேன்."

பூதன் பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்தான். அந்துவன் விலகவில்லை, கண்ணை மூடவும் இல்லை. முகமெல்லாம் தீயாய் எரிந்தது. அது எரிவதை அறிந்தபடி, வெண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பூதனின் கை தானாகத் தளர்ந்தது.

வெண்ணி சொன்னாள்: "இங்க நின்னு என்ன ஆகப்போவுது? போய் உன் ஓடத்துல இரு. யாராச்சும் கூப்பிடுவாங்க."

அவள் மன்னிக்கவில்லை. பூதனும் மன்னிக்கவில்லை. பின்னாளில் அதே ஓடத்தில் பலமுறை கடந்தபோதும், அவர்கள் அவனோடு ஒரு சொல் பேசியதில்லை. ஒவ்வொரு முறையும் வெட்கம் வந்தது. ஒவ்வொரு முறையும் அதை விரட்டாமல், மறைக்காமல், அதோடு சேர்ந்தே துடுப்பு வலித்தான் அந்துவன். ஆனால் அதன்பின் அந்தத் துறையில் யாரும் இரண்டாம் முறை குரல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகையால் கேட்டவர்களே, பிறர் துயரத்துக்குக் காதை அடைத்துக்கொண்டு பெறுகிற அமைதி தியானம் ஆகாது. தன் மனத்தை உள்ளபடி பார்த்து, உடனே எழுந்து உதவுவதே தியானம்.