விலை கூடின கியர் ஆயில்

ஒர்க்‌ஷாப் பின்வாசலில் எண்ணெய்த் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் தானே வாங்கித் தந்த கியர் ஆயிலை இங்கே மெக்கானிக்கா இருக்கும் என் வீட்டுக்காரர் ஊற்றியிருந்தார். இப்போது கியர் கரகரக்கிறதாம். என் வீட்டுக்காரரை வேலையைவிட்டு அனுப்பச் சொல்லி கார்க்காரர் முதலாளியிடம் கத்தினார்.

வாய் அடங்காமல் சொல்லிவிட்டேன். "எனக்கு நம்பர் மட்டும்தான் படிக்கத் தெரியும் சார். முதலாளி விரிச்சிருக்கிற கார் புஸ்தகத்துல கியர் ஆயில் படத்துக்குக் கீழே நாலு. உங்க டின்னுல அஞ்சு."

"அஞ்சுதான் உசத்தி. விலையும் ஜாஸ்தி."

"பாலைவிட பிரியாணி விலை ஜாஸ்தின்னு கைக்குழந்தைக்கு ஊட்டுவோமா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். கார்க்காரர் புத்தகத்தைப் பார்த்தார், பிறகு தன் டின்னைத் திருப்பிப் பார்த்தார். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. பெரிய மனுஷரை நாலு பேர் நடுவில், முழங்கை வரை அழுக்கோடு நின்று, இப்படி எதிர்த்துப் பேசலாமா என்று நான் தலையைக் குனிந்து உள்ளே நழுவப் பார்க்கும்போது முதலாளி புது டின்னைத் தூக்கிக் காட்டி, "வள்ளியம்மை, திறக்கறதுக்கு முன்னாடி இதையும் வந்து பாரும்மா" என்று கூப்பிட, நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் டின்னில் நாலு இருக்கிறதா என்று பார்த்தேன்.