தாழைக்குக் கால் முளைத்த கதை

மரமும் நண்டும் மனிதரோடு வாய்ப்பேச்சு வைத்திருந்த அந்தக் காலத்தில், தாழைக்கு முள் கிடையாது. வாழையைப் போல வழவழப்பான இலையோடு, ஒற்றைத் தண்டில் நேராக நின்ற மரம் அது.

கழிமுகத்தை ஒட்டிய ஓர் ஊரில் சாலையோரம் நெடுகத் தாழை நட்டிருந்தார்கள். அரசனின் ஆணையும் இல்லை, கூலியும் இல்லை. மாரிக்கனி என்பவள் கூப்பிட்டாள், ஊர் வந்தது. மண் அணைத்தார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றியதைத் திருவிழாதோறும் சொல்லிக்காட்டவும் செய்தார்கள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் ஓடை உடைத்துக்கொண்டு சாலையைக் குறுக்கே அரித்துப்போட்டது. அதே வேளையில் மாரிக்கனியின் தங்கை செல்லக்கிளிக்கு இடுப்புவலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி இருந்ததோ உடைப்புக்கு அந்தப் பக்கம். துடிப்பவளை ஏற்றிவந்த வண்டி உடைப்பின் விளிம்பில் நின்றுவிட்டது.

ஊர் மண்வெட்டியோடு ஓடிவந்தது. வெட்டிய இடமெல்லாம் சேறு, கொட்டியதெல்லாம் கரைந்தது.

"கூழை ஊத்தியா ஓட்டையை அடைக்கிறீக?" என்று வளையிலிருந்து எட்டிப் பார்த்தது நண்டு. "கெட்டி மண்ணு தாழை காலடியிலதான் இருக்கு. கேக்க வாய் இல்லையாக்கும்?"

மாரிக்கனி உடைப்பின் ஓரத்தில் நின்ற தாழையின் முன்னே போய் நின்றாள். "தாயி, உன் மண்ணைக் குடு."

"குடுத்துட்டு நான் எதுல நிக்க?"

"வண்டி கடந்ததும் வேற மண்ணு கொண்டாந்து அணைச்சிருதோம். பொறக்கப்போற பிள்ளை மேல சத்தியம்."

"பிள்ளையை ஏன் இழுக்கே? உன் மேல பண்ணு."

பண்ணினாள். வேர் வெளியே தெரியத் தெரிய வெட்டினார்கள். உடைப்பு நிரம்பியது. மாடுகள் மிரண்டன, ஒரு சக்கரம் புதைந்து இறங்கியது, தோள்கள் முட்டுக்கொடுத்தன, வண்டி கடந்தது. குலவைச் சத்தம் எழுந்தது. அதற்கு நடுவே தாழை சாயத் தொடங்கியது.

"மாரிக்கனி, மண்ணு!"

அவள் காதில் விழுந்தது. தங்கையின் அலறலும் விழுந்தது. திரும்பிப் பாராமல் வண்டியின் பின்னே ஓடினாள். அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் என்ன வந்தது?

"சத்தியம் பண்ணுனவ அவதானே?" என்றான் மண் வெட்டியவர்களில் ஒருவனான சுடலைமுத்து.

மழை வலுத்தது. வெறுங்கூடைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஊர் வீடு போய்ச் சேர்ந்தது.

ஓடை திரும்பிவந்து வெறும் வேரை அறுத்தது. தாழை தன் தண்டைப் பிளந்து ஒரு காலை இறக்கியது, தரை எட்டவில்லை. இன்னொன்றை இறக்கியது, வெள்ளம் முறித்தது. மூன்றாவது கால் சேற்றைத் துளைத்து அடியிலிருந்த கெட்டி நிலத்தைத் தொட்டது. அதன்மேல் பாரத்தைப் போட்டுக்கொண்டு அடுத்ததை இறக்கியது.

விடிந்ததும் மாரிக்கனி ஒரு கூடை மண்ணோடு மூச்சிரைக்க வந்தாள். சாலை இருந்தது. தாழை நீண்ட கால்களின்மேல் நின்றது. தண்டைத் தொட இலைகளை விலக்கினாள், உள்ளங்கை கிழிந்தது. இலை விளிம்பெல்லாம் முள்.

"பிள்ளை?" என்று கேட்டது தாழை.

"பொட்டப்பிள்ளை. ரெண்டு பேரும் நல்லாருக்காக."

"சரி. கூடையைத் தூக்கிட்டுப் போ."

அன்று தொடங்கித்தான் தாழை பிறர் அணைக்கும் மண்ணை நம்பாமல், தன் காலைத் தானே ஊன்றி நிற்கிறது. ஊருக்கெல்லாம் மணக்கிறது, கிட்டே வரும் கையை மட்டும் கிழித்து அனுப்புகிறது.