பன்னிரண்டாம் பெட்டியின் விலை

வெண்ணாவல் நாட்டு அரண்மனையில் ஒரு கணினி இருந்தது. ராஜா காலத்தில் ஏது கணினி என்று கேட்காதீர்கள். கேட்டால் கதை நகராது. களஞ்சியத்து நெல்லை யாருக்கு எவ்வளவு அளப்பது என்று அதுதான் சொல்லும். அந்த ஆவணியில் அதற்குப் புத்தி பிசகிவிட்டது. ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு பிடி, அரண்மனைக் குதிரைக்கு ஐம்பது மூட்டை என்றது.

கணினிக்கு நிரல் எழுதும் செங்கமலம் கையைப் பிசைந்தாள். "தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை, மன்னா. பிழை தேடும் கருவி கிடைத்தால் ஒரே நாளில் சரிசெய்துவிடுவேன்."

மென்பொருள் வணிகர் குபேரநாதன் பன்னிரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். பெட்டிக்கு ஒரு கருவி, ஒவ்வொன்றுக்கும் அரக்கு முத்திரை.

"உங்கள் நாட்டு வழக்கம் எனக்கும் தெரியும், அரசே. முத்திரை உடையாத சரக்கை எட்டு நாளுக்குள் திருப்பினால், சீட்டில் எழுதிய விலையைத் தந்துவிடுவேன். இதுவரை ஒருவரும் திருப்பியதில்லை."

"பிழை தேடும் பெட்டி மட்டும் போதும்," என்றார் மன்னர் மாறவேள்.

"தனியாகத் தருவதில்லை. பன்னிரண்டும் ஒரே தொகுப்பு. ஆயிரத்து நூறு பொன்."

அவையில் இருந்த அழகியநம்பி மனசுக்குள் கணக்குப் போட்டான். மன்னருக்கு யோசனை சொல்வது அவன் வேலை. கஜானாவில் இருந்ததே அவ்வளவுதான். அதுவும் ஏரிக்கரையைப் பலப்படுத்த எடுத்துவைத்த பொன். போன ஐப்பசியில் கரை உடைந்து, அவன் ஊரே மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது. பொன்னைக் கொடுத்தால் ஊர் முழுகும். கொடுக்காவிட்டால் ஜனங்கள் பட்டினி.

அவன் சிரித்த முகத்தோடு வணிகர் பக்கம் நகர்ந்தான். "மற்ற பதினொன்றும் என்ன செய்யும் ஐயா?"

"ஒன்று எழுத்துக்கு வண்ணம் பூசும். இன்னொன்று ஒன்பது மொழிகளில் வணக்கம் சொல்லும்."

"அடேயப்பா, சரக்கு என்றால் அவையல்லவா சரக்கு. போயும் போயும் இந்தப் பிழை தேடும் பெட்டிக்கா விலை போடுவது? உங்களைப் பெரிய மனசுக்காரர் என்றார்களே."

குபேரநாதனுக்கு உச்சி குளிர்ந்தது. மொத்தத்தில் ஒரு பொன்னும் குறையாமல் நல்ல பெயரும் கிடைத்தால் கசக்குமா?

"அது இலவசம். மற்றவை பெட்டி நூறு பொன்," என்றார்.

"அப்படியே சீட்டில் எழுதிவிடுங்கள்."

எழுதிக் கையெழுத்தும் போட்டார். பொன் கைமாறியது. மன்னர் நம்பியை முறைத்த முறைப்பில் நம்பி ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

செங்கமலம் ஒரே ஒரு பெட்டியை உடைத்தாள். மறுநாள் மாலைக்குள் குதிரைக்குக் கொள்ளும் குடிகளுக்கு நெல்லும் ஒழுங்காக அளந்தாயிற்று.

மூன்றாம் நாள் விடைபெற வந்த குபேரநாதன் முன்னால் நம்பி பெட்டிகளை அடுக்கினான்.

"பதினொன்று. முத்திரை அப்படியே இருக்கிறது. ஆயிரத்து நூறு பொன்னை எடுத்து வையுங்கள்."

வணிகருக்கு முகம் வெளிறியது. "இது தொகுப்பு ஐயா. பிரிக்கக் கூடாது."

"சீட்டில் நீங்களே பிரித்து விலை போட்டிருக்கிறீர்களே."

"அப்படியானால் அந்தப் பன்னிரண்டாம் பெட்டி?"

"அதன் முத்திரையை உடைத்துவிட்டோம், தப்புதான். அதற்குச் சீட்டில் என்ன விலை எழுதியிருக்கிறதோ, அதை முழுசாகப் பிடித்துக்கொள்ளுங்கள்."

மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நம்பி, ஏரிக்கரையைக் காப்பாற்றிவிட்டாய். உனக்கு ஒரு யானை பரிசு."

யானைக்குத் தீனி போட்டே தன் வீடு திவாலாகிவிடும் என்று நம்பிக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னான்: "யானையைத் தனியாக வாங்க மாட்டேன், மன்னா. பாகனும் கரும்புத் தோட்டமும் சேர்ந்த தொகுப்பாகத் தந்தால் வாங்கிக்கொள்கிறேன்."