படத்தில் விழாத தைலம்மாள்

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு அறுபத்திரண்டு. இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்.

குருவின் பெயர் பிலோமினா. ஏற்காட்டில் ஏரிக்கு மேலே, காலியாகக் கிடந்த ஒரு காப்பிக்கொட்டைக் கிடங்கை வாடகைக்கு எடுத்திருந்தார். பழைய கேமராக்களை வைத்துப் படம் எடுக்கச் சொல்லித் தருவார். கேமரா இல்லாதவர்களுக்குத் தகர டப்பாவைக் கொடுப்பார்.

கிடங்கின் கதவைச் சாத்தினால் கும்மிருட்டு. ஜன்னல் பலகையில் மட்டும் சுண்டைக்காய் அளவுக்கு ஓர் ஓட்டை. வெயில் அடிக்கும் நாளில் அந்த ஓட்டை வழியாக ஏற்காடே உள்ளே வந்து எதிர்ச் சுவரில் தலைகீழாகத் தொங்கும். ஏரி மேலே இருக்கும், வானம் கீழே இருக்கும். உத்தரத்தை ஒட்டிப் படகுகள் மெல்லப் போகும். மூடுபனி நாளில் சுவர் வெறும் வெள்ளையாக இருக்கும். அதையும் பிலோமினா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

சீடர் அங்கப்பன். சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பத்து நாலு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவர். "மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க. ஆடாதீங்க. ம், விடலாம்." ஒரு நாளைக்கு அறுபது தடவை இதைச் சொல்லிச் சொல்லி, வீட்டில் யாருக்காவது விக்கல் வந்தால்கூட அதே குரலில்தான் சொல்வார்.

முதல் நாள் அவர் வந்தபோது சுவரில் ஒரு மாட்டு வண்டி அளவு மேகம் தரை வரை வழிந்து நகர்ந்துகொண்டிருந்தது. அவர் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். கையில் இன்னும் படம் எடுக்காத பழைய எக்ஸ்ரே பிலிம் பெட்டி.

"யாரைப் படம் எடுக்கணும்?" என்று பிலோமினா கேட்டார்.

"என் சம்சாரத்தைங்க டீச்சர்."

"போன் இல்லீங்களாய்யா?"

"இருக்குங்க. நானூறு படம் இருக்கு அதுல. எதுலயும் அவ இல்ல. போனத் தூக்கினா விருந்தாளியப் பாத்துச் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு உள்ள போயிடுவா. கல்யாண போட்டோல பிளாஷ் அடிச்சதும் கண்ண மூடிட்டா. அதுக்கப்புறம் நாப்பது வருசம் ஓடிப்போச்சு."

"இத்தனை வருசம் கழிச்சு இப்ப என்ன அவசரம்?"

அங்கப்பன் பையிலிருந்து ஒரு எக்ஸ்ரேயை எடுத்து, அந்த ஒற்றை ஓட்டையின் வெளிச்சத்தில் பிடித்தார். விலா எலும்புகளுக்கு நடுவே இருதயம் ஒரு பக்கமாகப் பெருத்திருந்தது.

"இது தைலாவோடதுங்க. தைலம்மாள். வால்வு கெட்டுப்போச்சு. அடுத்த மாசம் பத்தாந்தேதி ஆபரேசன். எனக்குப் பயமா இருக்குங்க டீச்சர். அவ நெஞ்சு எங்கிட்ட இருக்கு. முகம் இல்ல."

பிலோமினா அந்த எக்ஸ்ரேயைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"யார் யாரோட எலும்போ மருந்து டிரேல எழுந்து வரதப் பாத்துட்டே இருந்திருக்கேன். அவ முகம் அப்படி வரத ஒரு தடவ பாத்துரணுங்க. கண்ணு தெறந்து, என்னப் பாக்கற மாதிரி."

ஜன்னல் ஓட்டையை அடைத்து, சிவப்பு விளக்கைப் போட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். ஈரம் ஏறி எல்லாம் ஒட்டிப்போயிருந்தது. நாலே நாலு பிலிம்தான் தேறியது.

பிலோமினா ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார். உள்ளே கறுப்புப் பெயின்ட், பின்பக்கம் ஒட்டிய ஒரு பிலிம். முன்பக்கம் ஊசி குத்திய ஒரு துளை, அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு டேப். லென்ஸும் இல்லை, பொத்தானும் இல்லை.

"டேப்ப எடுத்தா பாக்க ஆரம்பிக்கும். திரும்ப ஒட்டினா நிறுத்திக்கும். போன் மாதிரி டக்குன்னு பாக்காதுங்கய்யா. மெதுவாத்தான் பாக்கும். வெளிய நிழல்ல ரெண்டு நிமிசம். வீட்டுக்குள்ளன்னா முக்கால் மணி நேரம்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

ஒரு வாரம் கழித்து அங்கப்பன் டப்பாவோடு பஸ்ஸில் மலை ஏறி வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் அதை மடியிலேயே வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் பிஸ்கட் கிடைக்கும் என்று நாலைந்து தடவை பார்த்ததாகச் சொன்னார்.

சிவப்பு வெளிச்சத்தில் பிலிமை மருந்தில் போட்டு டிரேயை ஆட்டினார்கள். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் சுவர் வந்தது, கொடிக் கயிறு வந்தது, நாற்காலி வந்தது. நாற்காலியில் புகை மாதிரி ஏதோ ஒன்று. அதற்குள்ளே பின்னாலிருந்த செங்கல்லை எண்ணலாம். நெகட்டிவ் படிக்க அங்கப்பனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஏன் விழல டீச்சர்? பக்கத்துலயே நின்னு, மூச்ச இழுத்துப் பிடி, ஆடாதன்னு சொன்னேனுங்க."

"ரெண்டு நிமிசம் மூச்சப் பிடிக்கச் சொன்னீங்களா?"

"பழக்க தோசம். வாயில வந்துருச்சு." அவருக்கே வெட்கமாக இருந்தது. "அதனால இல்லீங்க, அவ மூச்ச விட்டுட்டுத்தான் இருந்தா. நடுவுல குழாயில தண்ணி வந்துருச்சு. எழுந்து ஓடிட்டா."

"தண்ணிய யாரு பிடிச்சாங்க?"

"அவதான்."

பிலோமினா பிலிமைக் கழுவிக் கொடியில் மாட்டினார்.

"டாக்டரு உக்காருங்கன்னு சொல்லியிருக்காருங்க," என்றார் அங்கப்பன். "நானும் தினம் சொல்லிட்டுத்தான் இருக்கேன். கேக்க மாட்டேங்கறா. அவளக் கூட்டிட்டு வந்து டப்பா முன்னாடி உக்கார வைக்கிறது ஆகாத காரியம். அவ எங்க இருக்காளோ அங்க டப்பாவக் கொண்டு போயிடறேன்."

"சரிங்க."

இரண்டாவது படம் அடுப்படி. காலையில் தைலம்மாள் சமைக்கும் நேரம். அங்கப்பன் டப்பாவை அடுப்படிக்கு வெளியே அரிசிப் பானை மேல் வைத்து, டேப்பை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்து, முக்கால் மணி நேரம் ஒரு நிமிஷம்கூடத் தவறாமல் காத்திருந்து ஒட்டினார். வேலையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

அன்றைக்கு ஏற்காட்டில் பனி. சுவரில் ஒன்றுமே தெரியவில்லை. பிலிம் மருந்துக்குள் போனது.

இந்தத் தடவை எல்லாமே துல்லியமாக வந்தது. அடுப்பு வந்தது. குக்கர் வந்தது. அஞ்சறைப் பெட்டி, சுவரில் மாட்டிய கரண்டிகள், கரண்டியின் காம்பில் இருந்த ஓட்டைகூட வந்தது. அடுப்புக்கு முன்னால் ஆள் இல்லை. யாரும் குடியில்லாத வீட்டு அடுப்படி மாதிரி இருந்தது.

"முக்கால் மணி நேரமும் அங்கதானுங்க இருந்தா," என்றார் அங்கப்பன். "என் கண்ணால பாத்துட்டே இருந்தேன் டீச்சர். அரிசி களைஞ்சா, காய் நறுக்கினா, மூணு தடவ பிரிட்ஜுக்குப் போனா, எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தா. துளிகூட விழலையே. ஒரு நிழல்கூட இல்லையே."

மனுஷர் பயந்துவிட்டார். எக்ஸ்ரேக்காரருக்கு ஆகாத சகுனம் எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பிலோமினா அவரை அங்கிருந்த பலகையில் உட்கார வைத்து, பிலிமின் ஓரத்தைச் சிவப்பு விளக்குக்கு நேராகப் பிடித்தார். அடுப்படி வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஓர் ஆள். மூக்குக் கண்ணாடியின் விளிம்பு தெரிந்தது. கையில் இருந்த பேப்பரின் மடிப்பு தெரிந்தது.

"இது யாருங்கய்யா?"

அங்கப்பன் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாந்தானுங்க."

"நீங்க நல்லா விழுந்திருக்கீங்க."

"நான் ஆடவே இல்லைங்களே."

வெளியே பனியில் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கிப் போனது.

"இன்னும் ஒம்பது நாள் இருக்கு," என்றார் அங்கப்பன். "டப்பாவ எங்க வைக்கட்டுங்க டீச்சர்? எத்தனை நேரம் வைக்கட்டும்? நீங்க சொல்ற மாதிரியே வெச்சுடறேன்."

"எங்க வேணாலும் வையுங்க. உங்களுக்கு ரசம் வைக்கத் தெரியுமா?"

அங்கப்பன் புது பிலிம் போட்ட டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கிப் போனார்.

ஐந்தாம் நாள் வந்தார். கட்டைவிரலில் ஒரு துணிக்கட்டு. பிலிம் மருந்தில் விழுந்ததுமே கறுக்க ஆரம்பித்தது. கறுத்தது, இன்னும் கறுத்தது, மருந்திலிருந்து எடுத்தும் தார் பூசிய மாதிரி இருந்தது. கழுவி முடித்ததும் அங்கப்பன் அதை ஜன்னல் ஓட்டைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒளி உள்ளே நுழையவே இல்லை.

"வெளிச்சம் ஓவராப் போச்சு. ஆஸ்பத்திரில இப்படி வந்தா கிழிச்சுப் போட்டுட்டுத் திரும்ப எடுப்போம்."

"எத்தனை நேரம் வெச்சீங்க?"

"மூணு மணி நேரம்."

"நேரம் தவறாத ஆளாச்சே நீங்க."

அங்கப்பன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவள நாற்காலில உக்காரச் சொன்னேனுங்க. நான் அடுப்புக்குப் போனேன். தள்ளுங்க, உங்களுக்கு என்ன தெரியும்னா. நீ அங்க உக்காந்தே சொல்லு, நான் செய்யறேன்னேன். புளி அத்தனை போடாதீங்கன்னா. மிளகத் தட்டுங்க, அரைக்காதீங்கன்னா. கடுக எப்பப் போடறதுன்னு கேட்டேன். பதில் வரல. திரும்பிப் பாத்தா, சுவத்துல தலையச் சாச்சுத் தூங்கிட்டா."

"ம்."

"பகல்ல அவ தூங்கி நான் பாத்ததே இல்லீங்க டீச்சர். நாப்பது வருசத்துல ஒரு நாள் இல்ல. முக்கால் மணி ஆச்சு. டேப்ப ஒட்டணும். டப்பா அவ காலுகிட்ட இருக்கு. போனா எழுந்துருவாளேன்னு போகல. அடுப்புச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு விசில் வரதுக்கு முன்னாடியே குக்கர இறக்கிட்டேன். அவளா முழிச்சப்ப மணி ஒண்ணு."

"ரசம்?"

"ரெண்டாந்தடவ ஊத்திக்கிட்டா."

இதைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. பிலோமினா வேறு பக்கம் திரும்பி டிரேயைக் கழுவினார்.

"இன்னும் ஒரு பிலிம் இருக்குங்க," என்றார் அங்கப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாலு நாளும் இருக்கு. இன்னொண்ணு எடுத்துடட்டுங்களா? கண்ணு தெறந்து இருக்கிற மாதிரி?"

"எடுக்கலாங்க. இதுல என்ன இருக்குன்னு முதல்ல பாத்துருவோம்."

"இதுல ஒண்ணும் இல்லீங்களே. வெறுங்கறுப்பு."

"வெயில் வரட்டும்."

வெயில் பட்டால் நிறம் மாறும் மருந்து தடவிய ஒரு தாளைப் பிலோமினா எடுத்து வந்தார். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். அதன்மேல் கறுத்த பிலிமை வைத்து, அதன்மேல் கண்ணாடியை வைத்து, நாலு பக்கமும் கல் வைத்து வாசலில் கிடத்தினார். பதினோரு மணிக்குப் பனி விலகியது. மற்ற பிலிம்களுக்குப் பத்து நிமிஷ வெயில் போதும். இதற்கு அந்த மத்தியானம் முழுக்க வேண்டியிருந்தது. அங்கப்பன் பக்கத்திலேயே நின்று, நிழல் வர வர அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். சாப்பிடக்கூடப் போகவில்லை. கிடங்குச் சுவரில் அவரும் தலைகீழாக, சின்னதாக, நகர்ந்துகொண்டிருந்தார்.

நாலு மணிக்குத் தாளை எடுத்துத் தண்ணீரில் போட்டார்கள். மஞ்சள் கரைந்து போனது. நீலம் வந்தது. மழை வருவதற்கு முன்னால் இருக்குமே, அந்த நீலம். அதற்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு நாற்காலி எழுந்தது, ஒரு சேலைக் கரை எழுந்தது, மடியில் மல்லாந்து கிடந்த ஒரு கை எழுந்தது. கடைசியாக முகம். கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. விருந்தாளிச் சிரிப்பு அதில் எங்கேயும் இல்லை.

பின்னால் அடுப்புக்கு முன்னால் ஆளே இல்லை. அங்கப்பன் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"தைலா," என்றார் மெதுவாக. தண்ணீருக்குள் கையை விட்டு, தாளைத் தொடாமல், பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பழைய எக்ஸ்ரேக்காரர் அவருக்குள் எட்டிப் பார்த்தார்.

"முகம் நல்லா விழுந்திருக்குங்க டீச்சர். இந்த நெஞ்சுகிட்ட மட்டும் கலங்கலா இருக்கே. டப்பா ஆடிருச்சுங்களா?"

பிலோமினா குனிந்து பார்த்தார். நாற்காலிக் கால்கள் கோடு போட்ட மாதிரி இருந்தன.

"டப்பா ஆடலீங்கய்யா. மூச்சு விட்டிருக்காங்க."